ஏழில் வைத்த கரகரப்பு

வீட்டில் அவளுக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர். பிழைப்போ சத்தம் போடுவது. சரக்குக் கிடங்குகளில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைச் செய்கிற கம்பெனி அது. வண்டி பின்பக்கமாக வரும்போது எழும் எச்சரிக்கை ஒலியை உருவாக்குவது அவள் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்பீக்கர், ஜன்னல் கிடையாது. எல்லோரும் அவளைச் சத்தக்காரி என்றார்கள். சத்தக்காரி வாயைத் திறந்து அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

வேலை வாங்கிக் கொடுத்தது அக்காவின் கணவர். கம்பெனியின் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கிறவர். மேலாளரிடம் நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்ததால், மதியச் சாப்பாட்டோடு தினமும் உபதேசமும் உண்டு.

"அவங்க எது சொன்னாலும் தலையாட்டிடு. தலையாட்டினவங்க யாருக்கும் வேலை போனதில்ல."

அதற்கும் அவள் தலையாட்டினாள். ஆனால் நாள் முழுக்க வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியில் எண் எழுதுகிறவர் அவர்தான். அவள் செய்யும் ஒலி சொதப்பினால் முதலில் சக்கரத்தில் மாட்டுவது அவருடைய கால்தான். இந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

வண்டியில் ஒலி எழுப்ப வைத்திருந்த எலக்ட்ரானிக் சில்லு மலிவானது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வழவழவென்ற வெறும் ஒலியலை ஒன்றுதான். அதில் இரண்டை எடுத்து, ஒன்றைக் கொண்டு மற்றொன்றை உலுக்க வேண்டும். நம் காதுக்கு வரும் அலையின் சுருதியை, காதுக்கு வராத அலை நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏற்றி இறக்கும். அத்தனை வேகத்தில் ஆட்டினால் காது அதை ஆட்டமாகக் கேட்பதில்லை. பக்கத்தில் புதுப்புது சுருதிகள் முளைத்து, வேறொரு ஒலியாகவே கேட்கும். மணியோ குழலோ தகரமோ, எல்லாம் எவ்வளவு உலுக்குகிறோம், எந்த வேகத்தில் உலுக்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இதற்கு மேல் பின்னூட்டம் என்று ஒன்று. உலுக்குகிற அலையிலிருந்து வருவதை அதனிடமே திருப்பிக் கொடுத்து, தன்னைத்தானே உலுக்கிக்கொள்ள விடுவது. சண்டையில் தன் குரலைத் தானே கேட்டு மேலும் மேலும் சூடாகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டல்லவா, அதே கதை. கொஞ்சம் கொடுத்தால் குரல் தடிக்கும். இன்னும் கொடுத்தால் கரகரக்கும். அள்ளிக் கொடுத்தால் சுருதியே கெட்டு இரைச்சலாகிவிடும். சில்லில் அதற்குப் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை எண்கள் இருந்தன. அவள் ஏழில் வைத்தாள்.

கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வண்டி எந்தப் பக்கம் வருகிறதென்று கையை நீட்டிக் காட்டிவிடலாம். இரைச்சலில் கீழிருந்து மேல்வரை எல்லாச் சுருதிகளும் இருப்பதால் காதுக்குத் திசை பிடிப்பது சுலபம்.

மேலாளருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் மெல்லிசை. கையெழுத்துப் போடும்போதுகூட முணுமுணுவென்று பாடுகிறவர்.

"என்னம்மா இது, தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி இருக்கு? வண்டி வாங்க வர்றவங்க காதுல தேன் பாய வேண்டாமா?"

"சார், திசை தெரியணும்னா..."

"திசையெல்லாம் வண்டி ஓட்டுறவர் பாத்துக்குவார். ஏழை அஞ்சாக்குங்க."

அவள் தலையாட்டிவிட்டு ஐந்தில் வைத்தாள். ஐந்து மறுவாரம் மூன்றானது. அதற்கு மறுவாரம் பூஜ்யமானது. பின்னூட்டம் தீர்ந்ததும், இன்னும் உலுக்கல் பாக்கியிருப்பதை மெல்லிசை கண்டுபிடித்தார். அதையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். கடைசியில் இரண்டாவது அலைக்கு வேலையே இல்லாமல் போனது. மிஞ்சியது உப்புச் சப்பில்லாத ஒரு "ஊ".

"இதுதாம்மா சங்கீதம்," என்றார் மெல்லிசை. அவர் குரல் தழுதழுத்தது.

அன்று எல்லோரும் போனபின் கிடங்கில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, காவலாளியிடம் ஸ்பீக்கரைக் கொடுத்து அங்குமிங்கும் நகரச் சொன்னாள். ஒற்றைச் சுருதி சுவரிலும் கூரையிலும் பட்டு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. மூன்று தடவை கை நீட்டினாள், மூன்றும் தப்பு. மறுநாள் மேலாளரிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் இரவு அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போனாள்.

"நாளைக்கு வண்டி வாங்க வர்றவங்க முன்னாடி ஓட்டிக் காட்டுறாங்க," என்றார் அக்கா கணவர். "நீ பாட்டுக்கு வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துடாதே."

அவள் சொல்லவில்லை. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோட்டு போட்ட ஆறு பேர் வந்து நின்றார்கள். வேலை நேரத்தில் நடப்பதைக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று மெல்லிசை தேடியபோது கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தவர் அக்கா கணவர்தான். "நீங்க முதுகைக் காட்டிக்கிட்டு எண்ணுங்க. சத்தம் கேட்டதும் ஒதுங்கிடுங்க, அவ்வளவுதான்." அவர் பெருமையோடு தலையாட்டினார்.

அடுக்குகளின் மூலைக்கு அப்பாலிருந்து வண்டி பின்னால் வரத் தொடங்கியது. "ஊ" கிடங்கை நிறைத்தது. கோட்டு போட்டவர்கள் புன்னகைத்தார்கள். அக்கா கணவர் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு சொன்ன சொல் தவறாமல் ஒதுங்கினார். நேராக வண்டி வரும் பாதைக்குள்ளேயே ஒதுங்கினார்.

"மாமா! திரும்புங்க! வண்டி! நிறுத்துங்க!"

குரல் உடைந்து, கரகரத்து, அவள் தொண்டையே கிழிந்தது போல் வந்தது. கிடங்கில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே வீச்சில் அவள் பக்கம் திரும்பின. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். அக்கா கணவர் பெட்டிகள்மேல் சரிந்து விழுந்தார். வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

முதலில் பேச்சு வந்தது மெல்லிசைக்குத்தான்.

"பாத்தீங்களா, எங்கிருந்து சத்தம் வருதுன்னு எல்லாரும் எவ்வளவு டக்குனு திரும்பினோம்! இதைத்தாம்மா நான் இத்தனை நாளாக் கேட்டுக்கிட்டிருந்தேன். இதையே வண்டிக்குச் செஞ்சுடுங்க." கோட்டு போட்டவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் இனிமையா மட்டும்."

பெட்டிகளுக்கு நடுவே, எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடந்த அக்கா கணவர், சரியென்று சொல்லிவிடு என்று அவளைப் பார்த்து அவசர அவசரமாகத் தலையாட்டிக் காட்டினார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கி வந்தன.

"முடியாது சார்," என்றாள். "மாமா, நீங்க முதல்ல தலையாட்டுறத நிறுத்துங்க."