சாப்பிட்ட மாதிரிதான்

மிகெலீனாவும் தொனாத்தோவும் கல்யாணத்துக்கு எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள், எந்த ஊரில் குடியிருப்பது என்பதைத் தவிர. மொந்தெசோர்தோவில் அவளுக்குப் பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் ஒன்று இருந்தது. சுவருக்கு வர்ணம் அடித்ததிலிருந்து கண்ணாடி மாட்டியதுவரை அவளே செய்தது. எதிர் மலையில், ரிப்பாலுங்காவில், அவன் டிராக்டர் பட்டறை நடத்தினான். பால்கனியில் நின்றால் எதிர் ஊரில் யார் வீட்டுத் துணி காய்கிறது என்று சொல்லிவிடலாம். காரில் போவதென்றால்தான் வளைந்து வளைந்து முக்கால் மணி நேரம். தென் இத்தாலியின் பசிலிக்காத்தா மலைகளில் சாலை போட்ட புண்ணியவானுக்கு வீடு திரும்ப மனமில்லை போலும், ஒரு மலையை விடாமல் சுற்றியிருக்கிறான். குளிர்காலத்தில் பனிமூட்டம் இறங்கினால் அந்தச் சாலையும் கிடையாது.

"பட்டறைய இங்க தூக்கிட்டு வா," என்பாள் அவள்.

"உங்க ஊர் ஏத்தத்துல ஏறுற டிராக்டர் எதுக்குப் பட்டறைக்கு வரப்போகுது? நீ அங்க வா. எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கும் தலை இருக்கு."

"இருக்கு, இருக்கு. உள்ளதான் ஒண்ணும் இல்ல."

இது தொனாத்தோவின் அம்மா காதுக்கு எட்டி, ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றுபோனது. பாதிரியார் சமாதானம் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் பழைய வழக்கத்தைக் கையில் எடுத்தார்கள். ஊருக்கும் ஊருக்கும் தகராறு தீராவிட்டால் ஆளுக்கொருவர் ஓட வேண்டும். வேட்டுச் சத்தம் கேட்டதும் இருவரும் தங்கள் ஊர்க் கோயிலிலிருந்து கிளம்பி, எதிர் ஊர்க் கோயில் மணியை அடிக்க வேண்டும். முதலில் அடித்தவர் சொன்னதுதான் முடிவு. எந்த வழியாக வேண்டுமானாலும் ஓடலாம். ஓட்டம் எப்போதும் பகல் சாப்பாட்டு நேரத்தில்தான். அந்த நேரத்தில் எல்லோரும் தட்டின் முன்னால் இருப்பார்கள், யார் எந்த வழியாக ஓடுகிறார் என்று எவர் கண்ணிலும் படாது.

ஏனென்றால் இந்த மலைகளில் ஒருவன் தன் வழியை யாருக்கும் சொல்ல மாட்டான். காளான் முளைக்கிற இடத்தையாவது சாகும்போது மகனிடம் சொல்வான்.

அந்தக் கோடை முழுவதும் கடையைச் சாத்தியதும் மிகெலீனா மலைச்சரிவில்தான் கிடந்தாள். முள் கிழித்தது, நாய் துரத்தியது, இரண்டு தடவை கணுக்கால் சுளுக்கியது. விடவில்லை. கடைசியில் பள்ளத்தாக்கின் அடிவரைக்கும் ஒரு வழி பிடித்துவிட்டாள். அங்கிருந்து ரிப்பாலுங்காவுக்கு எல்லோருக்கும் தெரிந்த ஆட்டுப்பாதையில் ஏற வேண்டியதுதான். தோற்றால் பார்லருக்குப் பூட்டு.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, வேட்டுப் போட்டார்கள். மிகெலீனா ஓக் மரக் காட்டுக்குள் பாய்ந்தாள். வறண்ட ஓடையில் கல்லுக்குக் கல் தாவி, ஆலிவ் தோப்பைக் குறுக்காக வெட்டி, மூச்சு இரைக்கக் கிழவர் ரெமீஜோவின் பண்ணை வீட்டு முற்றத்துக்குள் வந்து விழுந்தாள். வேறு வழியில்லை. ஆற்றைக் கடக்கும் ஒரே மரப்பாலம் அந்தப் பண்ணை வீட்டுக் கொல்லையில்தான் இருந்தது.

வாதுமை மர நிழலில் மேசை போட்டு ரெமீஜோவும் அவர் மனைவி தோமெனிக்காவும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

"வா பொண்ணே, சாப்பிடலாம்!" என்றார் ரெமீஜோ.

சாப்பிடுகிறவர் கண்ணில் பட்டால் யாரையும் இப்படிக் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிடப்பட்டவர் "சாப்பிட்ட மாதிரிதான்!" என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றப்படும், தட்டும் காப்பாற்றப்படும். பேசத் தெரிந்த குழந்தைகூட இதைத் தப்பாமல் சொல்லும். மிகெலீனாவும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்..." என்றாள். மூச்சு அடைத்தது. "சாப்பிட்..." என்றாள் மறுபடியும். அதற்கு மேல் வரவில்லை.

"சாப்பிடறாளாம்!" ரெமீஜோ துள்ளி எழுந்தார். "தோமெனிக்கா, தட்டு எடு! நாப்பது வருஷமா கூப்பிடறேன், ஒருத்தராவது சரின்னாங்களா?"

"இல்ல ஐயா, நான் ஓட்டத்துல..."

"ஓட்டம் எங்க போகப் போகுது? உக்காரும்மா."

சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள் வீட்டில் இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அதோடு கிழவரின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. மிகெலீனா மனதுக்குள் தன் நாக்கைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். தோமெனிக்கா கையால் உருட்டிய பாஸ்தாவைக் குவித்து, பொரித்த சிவப்பு மிளகாயை நொறுக்கித் தூவினாள். இவள் அள்ளி அள்ளி விழுங்கினாள்.

"மெதுவா, மெதுவா. இன்னும் இருக்கு," என்றாள் தோமெனிக்கா. அதுதான் இவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போது மரப்பாலம் தடதடத்தது. தொனாத்தோ முற்றத்துக்குள் ஓடி வந்தவன், கையில் முள்கரண்டியோடு இருந்த மணப்பெண்ணைப் பார்த்து அப்படியே நின்றான்.

"இங்க என்ன பண்ற?"

"பார்த்தா தெரியல?" அவளுக்கு அழுகை முட்டியது.

"வா மாப்பிள்ளை, சாப்பிடலாம்!" என்றார் ரெமீஜோ.

தொனாத்தோவுக்கு மூச்சு நன்றாகவே இருந்தது. இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு ஓடினால் மணி அவனுடையது. அவன் ஆலிவ் தோப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போடுங்கம்மா. பசி உயிர் போகுது."

மிகெலீனா மேசைக்கடியில் அவன் காலை உதைத்தாள். "ஏன் உக்காந்த?"

"அதான் சொன்னேனே, பசி."

"பொய்."

"சரி, பொய். உன்ன இங்க உக்கார வச்சுட்டு அங்க போய் மணி அடிச்சா, காலம் பூரா குத்திக் காட்டுவ."

"ஆமா, காட்டுவேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. மிளகாய் காரம் என்றாள். அந்த மிளகாயில் காரமே கிடையாது, அது மேசையில் இருந்த நால்வருக்கும் தெரியும். இவனைக் கட்டிக்கொள்ளத்தான் இவ்வளவு நாள் சண்டை போட்டேன் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

தோமெனிக்காவுக்கு வேறு சந்தேகம். "இப்பதானே வேட்டுச் சத்தம் கேட்டது? அதுக்குள்ள ரெண்டு பேரும் எப்படி இங்க?"

இருவரும் தட்டைப் பார்த்தார்கள். ரெமீஜோ கண்டுகொள்ளாதவர்போல ரொட்டி அறுத்தார். மிகெலீனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கோயிலுக்குப் பின்னால இடிஞ்ச சுவர் இருக்குல்ல? அதத் தாண்டி இடது பக்கம் ஓக் காடு. காடு முடியற இடத்துல ஓடை. ஓடையிலயே எறங்கினா நேரா இந்த ஆலிவ் தோப்பு."

தொனாத்தோ மெல்லுவதை நிறுத்திவிட்டான். அவன் காதுகூடச் சிவந்தது.

"எங்க பக்கம் பழைய ஆலை," என்றான் மெல்ல. "அதுக்கு மேல பாறையில ஒரு வெடிப்பு. ஆள் ஒருக்களிச்சு நுழையலாம். அது வழியா வந்தா ஆட்டுப்பாதையே வேண்டாம், நேரா பாலம்."

"அப்படின்னா ரெண்டையும் சேர்த்தா," என்று ரெமீஜோ ரொட்டிக் கத்தியால் காற்றில் கணக்குப் போட்டார், "ஊருக்கு ஊர் அரை மணி ஓட்டம். கார்ல போறவன் இன்னும் வளைவுலதான் சுத்திக்கிட்டிருப்பான்."

ஆளுக்குப் பாதி தெரிந்துகொண்டு, அதையும் ஒளித்துவைத்து, ஒரு கோடைக்காலத்தைத் தகராறில் கழித்திருக்கிறார்கள்.

"பட்டறை எத்தனை மணிக்குத் தொறப்ப?" என்று கேட்டாள் மிகெலீனா.

"ஏழுக்கு."

"நான் பத்துக்கு. காலையில ஓடி வந்து கடை தொறக்க எனக்குத்தான் நேரம் இருக்கு. உங்க ஊர்லயே இருப்போம்."

"சாயங்காலம் ஏத்தம் ஏறணுமே?"

"நீ எறங்கி வந்து கூட்டிட்டுப் போ. ஓடித்தான் வரணும், வண்டியில வந்தா வர மாட்டேன்."

தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு இருவரும் ஆலிவ் தோப்பு வழியாக அவள் ஊர்ப் பக்கமே நடந்தார்கள். மிகெலீனா முன்னால் போனாள். எந்தக் கல் ஆடும், எந்த முள் கையைக் கிழிக்கும், எந்த நாயை என்ன பெயர் சொல்லி அழைத்தால் வாலாட்டும் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

மொந்தெசோர்தோவில் சாப்பாட்டை முடித்துவிட்டு ஊரே கோபுரத்தடியில் எதிர்மலை மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே தங்கள் மணியே அதிர்ந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான் தொனாத்தோ. பக்கத்தில் மிகெலீனா, முகமெல்லாம் சிரிப்பு.

"தோத்துட்டு சிரிக்கிறா பாரு!" அவள் அப்பா கத்தினார். "அவன் கூட நீ எதுக்குடி வந்த?"

"வழி காட்டத்தான்ப்பா வந்தேன்."