பலகையின் பின்பக்கம்

...கையை எங்கே கழுவுவது, மேயர் குலுக்கிவிட்டுப் போன கை பிசுபிசுவென்று இருந்தது, வெர்டெல் கவுனில் இரண்டு தரம் துடைத்தாள், போகவில்லை, எண்பது வயசில் இந்தக் கூத்துக்கு வந்து பல்லைக் காட்டினோமே, சீ, மேம்பாலத் தூணுக்கடியில் மேடை போட்டிருக்கிறான்கள், அப்பாவின் முடிவெட்டும் கடை இருந்ததே இந்த இடத்தில்தான், பாலம் கட்டுகிறோம் என்று தெருவையே வழித்துப் போட்ட அதே நகரசபைதான் இன்றைக்குக் கறுப்பு மக்களின் சேவையைப் போற்றுகிறதாம், தூ... மேலே லாரிகள் ஓடிய சத்தத்தில் மேயர் பேசியது பாதி காதில் விழவில்லை, விழாதவரைக்கும் புண்ணியம். துணியை இழுத்துத் திறந்துவைத்தது அவள் கைதான். கம்பத்தின் மேல் வெண்கலப் பலகை, நாற்பத்தொரு பெயர், ஒசெல்லா பிட்மன் பெயர் மட்டும் இல்லை. ஒசெல்லாவின் மகள் ரோனெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறாள், அய்யோ, இவன்களுக்கு ஒசெல்லாவை எங்கே தெரியும், கறுப்பர் உட்காரக் கூடாத வெள்ளைக்காரன் கடையில் உட்கார்ந்து காப்பி கேட்டதற்காக எங்களைப் பிடித்து உள்ளே தள்ளியபோது பதினோரு நாளும் சோளரொட்டி சுமந்து வந்தவள் அவள் ஒருத்திதானே...

தெரியாதுதான், ஆனால் பெயர்களை எழுதிக் கொடுத்தது யார்? பலகைக்குப் பெயர்கள் கேட்டு நகரசபைக் கடிதம் சர்ச்சுக்குத்தான் வந்தது, நாற்பது வருஷமாகச் சபைச் செயலாளர் யார், இந்த வெர்டெல்தானே, பழைய உறுப்பினர் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்து எழுதினாள், ஒசெல்லா பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு... பின்வாசலில் விஸ்கி விற்றாள் என்று சபை நடுவில் நிற்கவைத்து, இவளை நீக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் போதகர், நாங்கள் ஜெயிலிலிருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, அம்மா முழங்கையால் இடித்தாள், பதினேழு வயசு வெர்டெல் கை தூக்கினாள், அவள் ரொட்டியைத் தின்றுவிட்டு, தூக்கினாள். ஒசெல்லா கைகளை எண்ணவில்லை, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்... அம்மா இடித்ததால்தான், சரி, போன மார்ச்சில் பட்டியல் எழுதும்போது யார் இடித்தார்கள்?

ரோனெட் அவளிடம்தான் வருகிறாள், முகத்தில் கோபமே இல்லை, இருந்திருந்தால் தேவலாம்.

“சிஸ்டர் வெர்டெல், இந்த மாதிரிப் பலகையில ரெண்டு பக்கமும் எழுதுவாங்கல்ல? அம்மா பேரு பின்னாடி இருக்கா?”

ரோனெட் பதிலுக்குக் காத்திராமல் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள், அங்கே வெறும் திருகாணிதான்... அந்தச் சிவப்புக் கோட்டுக்கடியில் பெயர் தெளிவாகத்தான் தெரிந்தது, பேனா ஒரு நிமிஷம் நின்றதே, நின்றுவிட்டு அடுத்த பெயருக்குப் போனதே, மறதி இல்லையே அது, வெர்டெல் மறுபடியும் கையைக் கவுனில் துடைத்தாள், மேயருடையதுதானா இந்தப் பிசுபிசுப்பு...