ஹாமுராவின் கண்ணியில் நான் சுட்ட மான்

1

இந்தக் கதை, எங்கள் வேட்டைக்காரர் சங்கத்தின் பதிவு நோட்டில் நான் எழுதிய ஒரு குறிப்பிலிருந்து வந்தது. டிசம்பர் ஒன்பதாம் தேதி. 'கிழக்குப் பள்ளத்தாக்கு. கண்ணியில் பெட்டைமான். சிக்கிக் குறைந்தது முப்பது மணி நேரம். சுட்டேன்.' கீழே என் பெயர்: மினெகிஷி.

நான்கு வாக்கியங்கள். மூன்று உண்மை. தவறான ஒன்றை அடித்துவிட ஒரு கோடு போதும். அதைச் செய்யாமல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எப்படிப்பட்டவள் என்பது இதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2

முதல் தொடக்கம்: 'உறைபனியில் ஒரு மான் அலறிக்கொண்டிருந்தது.'

அலறவில்லை. நின்றுகொண்டிருந்தது. முன்னங்காலில் கம்பி. நான் அருகே போனதும் ஒருமுறை இழுத்தது, பிறகு மறுபடியும் நின்றது. அலறும் மானைச் சுடுவது எளிது என்பதால் அலற வைத்தேன்.

இரண்டாம் தொடக்கம்: 'ஹாமுரா இரக்கமற்றவர் என்பது மலையில் எல்லோருக்கும்—'

[இங்கே நிறுத்தினேன். ஒவ்வொரு வரைவிலும் ஹாமுரா கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டவராகிறார். ஒன்றில் அவருக்குத் தங்கப்பல்கூட வைத்தேன். அவர் கெட்டவரானால் நான் நல்லவளாகிவிடுவேன், அவ்வளவுதான் காரணம்.]

உண்மையான ஹாமுரா நாற்பத்தாறு வயதுப் பெண்மணி. பள்ளிச் சமையலறையில் வேலை. வேலைக்குப் போகுமுன் தினமும் காலையில் மலையேறித் தன் கண்ணிகளைப் பார்த்துவிட்டு வருவார். துப்பாக்கி வைத்துக்கொள்ளாதவர். சிக்கியதைத் தடியால் ஒரே அடி அடித்து, கத்தியால் முடிப்பார். நான் துப்பாக்கிக்காரி. உயிரியல் படித்தவள். ஒரு குண்டு, ஒரு நொடி. மிருகத்துக்குத் தெரியக்கூடாது என்பது என் கொள்கை. 

3

நடந்தது இது.

காலை ஏழு மணி. அந்த மானைப் பார்த்தேன். மரத்தைச் சுற்றி மண் வட்டமாக மிதிபட்டுச் சேறாகியிருந்தது. பையிலிருந்து அளவுகோலை எடுத்துக் குத்திப் பார்த்தேன். எட்டு சென்டிமீட்டர்.* இவ்வளவு மிதிக்க ஒரு மானுக்கு முப்பது மணி நேரமாவது ஆகும் என்று கணக்கிட்டேன். அப்படியென்றால் முந்தின நாள் ஹாமுரா வரவே இல்லை. கண்ணி வைத்தவர் தினமும் வந்து பார்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. அடுத்தவர் கண்ணியில் சிக்கியதன் மேல் கை வைக்கக்கூடாது என்பதும் எங்கள் விதிதான். அவர் ஒன்றை மீறிவிட்டதால் நான் மற்றதை மீறலாம் என்று தோன்றியது. சுட்டேன்.

(* ஆம், கம்பியில் சிக்கி நின்ற மானின் அருகே குனிந்து மண்ணை அளந்தேன். இதை நீக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கட்டும்.)

ஐந்து நிமிடத்தில் ஹாமுரா மூச்சிரைக்க ஓடி வந்தார். மானைப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பாடா. குண்டு யாரு மேலயோ பட்டுருச்சோன்னு பதறிட்டேன்."

"கஷ்டப்பட்டுட்டு இருந்துச்சு," என்றேன்.

"ம்."

"போன் பண்ணிப் பாத்தேன். சிக்னல் இல்ல." [பொய். போனை எடுக்கவே இல்லை.]

அவர் குத்தவைத்து உட்கார்ந்து மானின் காலிலிருந்து கம்பியைத் தளர்த்தினார்.

"மினெகிஷி-சான், நீங்க ஒரு மானுக்குக் குறி வெச்சிட்டு இருக்கீங்க. பின்னாடி நான் வந்து, 'என்ன இவ்ளோ நேரம்'னு மான் மேல ஒரு கல்ல விட்டெறிஞ்சா எப்படி இருக்கும்?"

"அது வேற."

"வேறதான். அது உங்க மான். இது என் மான்."

கழுத்தில் கிடந்த துண்டை உருவிக் காட்டினார். "இத மொதல்ல அது மூஞ்சில போட்டுருவேன். கண்ணு மறைஞ்சா அடங்கிரும். அப்புறம் பக்கத்துல உக்காந்து பாப்பேன். காலு நல்லாருந்தா, சின்னதா இருந்தா, சில நேரம் கம்பிய அறுத்து விட்ருவேன். பாத்துத்தான் முடிவு. நீங்க என்னைப் பாக்கவே விடல."

"இத என்ன பண்ணிருப்பீங்க?"

"தெரியல." கம்பியைச் சுருட்டிப் பையில் போட்டார். "இனிமே தெரியவும் தெரியாது."

4

அன்று மாலை நோட்டில் எழுதினேன். கோபத்தில் எழுதவில்லை. மிகவும் நேர்த்தியான கையெழுத்தில் எழுதினேன்.

இந்த மலையில் எனக்கு இது மூன்றாவது குளிர்காலம். தனியாகத்தான் வேட்டை. மதியச் சோற்றுருண்டையை வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணாடியில் ஆவி படியப் படியத் தின்பேன். நாய்களோடு கூட்டமாக வேட்டையாடும் ஆண்கள் கொட்டகையில் பன்றிக்கறி கொதிக்க வைப்பார்கள். சிரிப்புச் சத்தம் வண்டிவரை வரும். என்னை யாரும் விரட்டியதில்லை. யாரும் கூப்பிட்டதுமில்லை.

மறுநாள் அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஓகுமா வண்டிக் கண்ணாடியைத் தட்டினார்.

"புரொபசரம்மா, உள்ள என்ன முட்டையா அடைகாக்குறீங்க? வாங்க, கறி ஆறுது."

போனேன். பெஞ்சில் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். [இந்த வாக்கியத்தை இதைவிடப் பெரிதாக எழுத முயன்றேன். முடியவில்லை. ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.]

முப்பது மணி நேரத்தை எப்படிக் கணக்கிட்டேன் என்று கேட்டார்கள்; மண்ணை அளந்ததைச் சொன்னேன்.

"முப்பது மணி நேரம்னு கரெக்டா புடிச்சிருக்கே இந்தப் பொண்ணு! போலீஸ்காரனுக்கே வராது," என்றார் ஓகுமா.

"உன் வயசக்கூட மண்ணக் குத்திப் பாத்தே சொல்லிருமாம்," என்றார் இன்னொருவர்.

"குத்தவே வேணாம். கிட்ட வந்தாலே வாசன காட்டிக் குடுத்துரும்."

தலைவர் தொகிதா மட்டும் சிரிக்கவில்லை. "என் நாய் ரெண்டு தடவ அந்த ஹாமுராம்மா கண்ணியில மாட்டிருக்கு. இதுவரைக்கும் எதை வெச்சுப் பேசறதுன்னு தெரியல. இப்ப எழுத்துலயே இருக்கு. ஞாயித்துக்கெழம கூட்டத்துல முடிச்சிருவோம். கிழக்குப் பள்ளத்தாக்குல இனிமே கண்ணி கெடையாது."

வேறு பள்ளத்தாக்குக்குப் போனால் ஹாமுராவால் வேலைக்குமுன் திரும்பி வர முடியாது. அதாவது அவருடைய வேட்டையே முடிந்தது. எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். என் கிண்ணத்தில் யாரோ இன்னொரு கரண்டி ஊற்றினார்கள்.

5

ஒரு நேர்மையான கதாசிரியர் இந்தக் கதையை அங்கேயே முடித்திருக்கலாம். நான் மறுபடி அந்த மரத்துக்குப் போனேன். ஏனென்று கேட்காதீர்கள். கறி சுவையாக இருந்தது, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மரப்பட்டையில் வழிந்த பிசினில் முடி ஒட்டியிருந்தது. கறுப்பு, முரடு, நுனி பிளந்தது. பன்றி முடி. மண்ணை விரல்களால் பிரித்தேன். மேலே மூன்று சென்டிமீட்டர் புதுச் சேறு. அதற்குக் கீழே ஓர் அடுக்கு உதிர்ந்த இலைகள். இலைகளுக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் பழைய சேறு. ஒரு வாரத்துக்கு முன்பு இதே இடத்தில் ஒரு காட்டுப்பன்றி சிக்கிச் சுற்றியிருக்கிறது. ஹாமுரா அதே மரத்தில் மறுபடி கண்ணி வைத்திருக்கிறார். மான் மிதித்தது மூன்று சென்டிமீட்டர்தான். ஓர் இரவுக்கும் குறைவு. முந்தின நாள் காலையில் ஹாமுரா வந்து பார்த்தபோது மான் சிக்கியிருக்கவே இல்லை.

ஆழத்தை அளந்தேன். அடுக்குகளைப் பார்க்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவிகூட—

6

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையில்லை.)

போன பிப்ரவரியில் நான் ஒரு மானை வயிற்றில் சுட்டேன். குறி தவறியது. இரண்டு மணி நேரம் இரத்தத்தைப் பின்தொடர்ந்தேன். ஓடையில் தடம் முடிந்தது. அது எத்தனை மணி நேரம் செத்துக்கொண்டிருந்தது? அளக்க அங்கே மண் இல்லை, தண்ணீர்தான்.

அக்கரையில் ஹாமுரா தன் கண்ணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், இரத்தத்தையும் பார்த்தார். "அந்தப் பக்கம் பாறை வழுக்கும், பாத்துப் போங்க," என்றார். எந்த நோட்டிலும் எதுவும் எழுதவில்லை.

7

முடிவுகள்.

அ. கூட்டத்தில் நான் எழுந்து உண்மையைத் தெளிவாகச் சொல்கிறேன். எல்லோரும் தலைகுனிகிறார்கள். [இந்த முடிவில் வரும் பெண் யாரென்று எனக்குத் தெரியவில்லை. நான் கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வந்துவிடுபவள்.]

ஆ. நான் பேசவில்லை. ஹாமுரா கண்ணிகளைக் கழற்றிக்கொண்டு போகிறார். பெஞ்சில் என் இடம் எனக்கே. இதை எழுதுவது கடினமாக இருக்கவில்லை. மூன்றே நிமிடம் ஆனது.

இ. கூட்டத்துக்கு முந்தின நாள் ஹாமுராவைப் பார்க்கப் போகிறேன்.

இந்த மூன்றாவது, கற்பனை முடிவல்ல. நிஜமாகவே போனேன். பள்ளியின் பின்வாசலில் பெரிய பெரிய அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மண் அடுக்குகளைப் பற்றி, இலைகளைப் பற்றி, பன்றி முடியைப் பற்றிச் சொல்லி முடித்தேன். என் குரல் தண்ணீர்ச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும்.

"எனக்குத் தெரியாதா?" என்றார். "அந்தப் பன்னிய இழுத்து எறக்கினதுல இடுப்பு இன்னும் நேராகல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா?"

அடுத்த அண்டாவைச் சாய்த்தார்.

"நாளைக்கு நான் எழுந்து சொல்லட்டுமா?"

"என்னை ஏன் கேக்கறீங்க?"

"கோவமா இருக்கீங்களா?"

"பின்ன? கோவம்தான். நல்லாவே கோவம்." குழாயை மூடினார். அதன்பின் எல்லாம் தெளிவாகக் கேட்டது. "அதுக்காக உங்க வாயில கைய விட்டா பேச வெக்க முடியும்? எப்ப, எப்படி, சொல்றதா வேணாமான்னு நீங்கதான் பாக்கணும். உங்க இடத்துல நான் வந்து சுட மாட்டேன்."

8

ஞாயிறு, காலை பத்து மணி. ஊர்ப் பொதுக்கூடம். மண்ணெண்ணெய்க் கணப்பு எரிகிறது. ஹாமுரா கதவருகே, மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். ஓகுமா எனக்காகத் தன் பக்கத்தில் ஒரு சின்ன உட்காரும் மெத்தையைப் போட்டு, "புரொபசரம்மா, இங்க சூடா இருக்கு," என்கிறார். உட்கார்ந்துவிட்டேன். சூடாகத்தான் இருக்கிறது.

தொகிதா தீர்மானத்தைப் படித்து முடிக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

எங்கள் கூட்டங்களில் இதற்குப் பிறகு சிறிது நேரம் விடுவார்கள். மரியாதைக்காக. ஒருவர் தேநீரை ஒருமுறை உறிஞ்சிக் கீழே வைக்கும் அளவு.

எனக்கு வாக்கியம் தயாராக இருக்கிறது: 'நான் தவறாக அளந்தேன்.' மூன்று சொற்கள். இத்தனை பக்கங்கள் எழுதியும் அவற்றை இதுவரை இவர்கள் முன்னால் உரக்கச் சொல்லவில்லை. அதனால் அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சொல்லிவிட்டதாக எனக்கே தோன்றிவிடும்.

அறையில் பதினொரு பேர். நீங்கள் பன்னிரண்டாவது. உங்களுக்கு எல்லாம் தெரியும். தொகிதாவின் கண்கள் வரிசையாக எங்கள் முகங்களைக் கடந்து வருகின்றன. ஓகுமா தேநீரை உறிஞ்சிவிட்டார். கோப்பை இன்னும் கீழே இறங்கவில்லை.