அதிமதுரத் தண்ணீர்

...வயிற்றைப் பார்க்க வாய்வழியாகக் குழாயை உள்ளே விட்டபோதுகூட இவ்வளவு பயமில்லை, இப்போது இந்த பெஞ்சில் உட்கார்ந்து டாக்டரம்மா கூப்பிடக் காத்திருப்பதுதான் வயிற்றைப் பிசைகிறது, இது பயமா, இல்லை பழைய வலியா, பழைய வலி வந்தால் வீரலட்சுமிக்குத் தெரியாதா, நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ கரித்துண்டை வைத்து ஊதுவது போல அல்லவா வரும்... தாயில்பட்டி கம்பெனியில் சரவெடி பின்னிக்கொண்டிருந்தபோது அப்படித்தான் வந்தது, தீபாவளி சீசன், ஆர்டர் மேல் ஆர்டர், காலையில் வெறும் டீ, மத்தியானமும் டீ, கறுப்பாக வெளிக்குப் போனதை யாரிடமும் சொல்லவில்லை, கடைசியில் பின்னி முடித்த சரத்தின் மேலேயே மயங்கி விழுந்தாள். வயிற்றில் புண், அதற்குக் காரணம் ஒரு கிருமி என்றார்கள் இந்தச் சிவகாசி ஆஸ்பத்திரியில். கொடுத்த மாத்திரைகளை விழுங்கித் தீர்க்க முடிந்ததா? வாயெல்லாம் இரும்புக் கசப்பு, தின்றதெல்லாம் வாந்தி, பாதியில் விட்டுவிட்டாள், புண் மறுபடி கசிந்தது. மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்து, இந்தத் தடவையும் நிறுத்தினா ஆபரேஷன் வரைக்கும் போயிரும்மா என்றார் டாக்டரம்மா. அவள் படுத்துவிட்டால் உலை வைப்பது யார், லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போன புருஷன் பாண்டிராஜ் எப்போது திரும்புவான்...

அப்போதுதான் அந்த டம்ளர் வந்தது, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவரின் மேல். கொண்டுவந்தவள் கொழுந்தன் பெண்டாட்டி வெள்ளைத்தாய், வாசலில் ஓடிய சாக்கடைத் தண்ணீருக்காகச் சண்டை போட்டு வருஷக்கணக்காகப் பேச்சில்லாதவள், அன்றைக்கும் முகத்தைப் பார்க்கவில்லை, காற்றிடம்தான் சொன்னாள். “அதிமதுரம் போட்டுக் காய்ச்சுனது. மாத்திரை போட்டு ரொம்ப நேரம் கழிச்சுக் குடிக்கணும். குடிக்கிறவுக குடிக்கட்டும், கொட்டுறவுக கொட்டட்டும்.” கொட்டத்தான் எடுத்தாள். பிறகு ஏன் குடித்தாள்? மரத்தூள் மாதிரி ஒரு வாசனை, மண் மாதிரி, அதற்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு இனிப்பு, சீனி இல்லை, கருப்பட்டி இல்லை, விழுங்கின பிறகும் நாக்கை விட்டுப் போகாத இனிப்பு... உள்ளே இறங்கி எரிகிற இடத்தில் ஈரத்துணி போலப் படிந்தது. அன்று சாப்பிட்ட இட்லி வயிற்றில் நின்றது. மறுநாளும் டம்ளர் வந்தது, அதற்கு மறுநாளும். காய்ந்த சுள்ளி போலிருக்கும் ஒரு வேர், அடுப்பில் சொருகினாலும் யாரும் கேட்கமாட்டார்கள், அதற்குள் எப்படி இத்தனை குளிர்ச்சியை ஒளித்து வைத்திருக்கிறது? கம்பெனி வேன் வருவதற்குள் எழுந்து இடித்துக் காய்ச்சுகிறாளே அந்த மனுஷி, அவளுக்கு என்ன வந்தது? கசப்பு மாறவில்லைதான், ஆனால் கசப்புக்குப் பிறகு அந்த இனிப்பு உண்டு என்று தெரிந்ததில் மாத்திரைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின, தீர்ந்தன.

“வீரலட்சுமி, உள்ள வாங்க.” டாக்டரம்மா டிவியில் படத்தைக் காட்டினார். முன்பு குழியாகச் சிவந்து கிடந்த இடம் இப்போது பளபளவென்று, கழுவி வைத்த தட்டு மாதிரி... “புண்ணு ஆறிடுச்சும்மா. கிருமியும் இல்ல.” அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். சொல்லலாமா, திட்டுவாரோ? “டாக்டரம்மா, நான் அதிமதுரத் தண்ணி குடிச்சேன்... அதுலதான் கொணமாச்சா?” டாக்டரம்மா சிரித்தார். “கிருமியக் கொன்னது மாத்திரைதான். ஆனா அந்த வேரும் லேசுப்பட்டது இல்லம்மா. அதுல இருக்கிற சத்து வயித்துச் சுவர் மேல வழவழன்னு படிஞ்சு புண்ணு ஆற உதவும், கிருமிய ஒட்டவிடாமத் தடுக்கும்னுகூட ஆராய்ச்சில பாத்திருக்காங்க. அதான் இந்த டெஸ்ட் வரைக்கும் கொஞ்சமாக் குடுக்கச் சொன்னேன்.” சொன்னாரா? யாரிடம்? “உங்க தங்கச்சிகிட்டதான். வேரை முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்து, எங்க அக்காவுக்கு இதைக் குடுத்தா மாத்திரைக்குக் கெடுதல் வருமான்னு கேட்டாங்களே. இப்படி வந்து கேட்டுட்டுக் குடுக்கிறவங்க எத்தனை பேரு?” கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார். “பிரஷர் லேசா ஏறியிருக்கு, காலும் வீங்கியிருக்கு. நாள்பட்டா அதிமதுரம் அப்படித்தான் பண்ணும். இன்னையோட அந்தத் தண்ணிய நிறுத்திருங்க.”

பஸ் ஸ்டாண்டு வெயிலில் வெம்பக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்கிறாள், வயிறு பசிக்கிறது, வெறும் பசி, எத்தனை நாளாயிற்று இப்படிப் பசித்து... எங்க அக்காவுக்கு என்றாளாமே, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து இந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாளாமே, ஒரு வார்த்தை காட்டிக்கொண்டாளா? என்ன பொம்பளை அவள்! இனி அவள் காய்ச்ச வேண்டாம், போய்ச் சொல்ல வேண்டும், சுவர் பக்கம் பார்த்துக் காற்றிடம் சொன்னால் ஆகாது, அவளிடமே சொல்ல வேண்டும், கூப்பிட்டு... எப்படிக் கூப்பிடுவது? வெள்ளைத்தாயி என்றா, தங்கச்சி என்றா? சண்டைக்கு முன்னால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் எப்படிக் கூப்பிட்டாள்? பஸ் வந்து நிற்கிறது, ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறுகிறார்கள், வீரலட்சுமி யோசித்துக்கொண்டே நிற்கிறாள்... ஏய், இங்கன வா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதாக ஞாபகம் வரவில்லையே.