விருந்தாளிக்கு ஒரு வரவேற்புப் பாட்டு

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் ஆளுக்கொன்று வாங்குவார்கள். ஒட்டடைக்குச்சி ஒரு பெரிய டப்பா பிஸ்கட் வாங்கினாள். அவள் வளர்ந்த குழந்தைகள் இல்லத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்கி வருவார்கள். வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நடை பழகியதே அந்த இல்லத்தில்தான். பள்ளிக்கு அனுப்பி, ரத்தப் பரிசோதனைப் படிப்பில் சேர்த்து, வேலை கிடைத்ததும் வாடகைக்கு அறை பார்த்துக் கொடுத்து, எல்லாம் செய்தது பெரியம்மாதான். இல்லத்தை நடத்துகிற அந்த அம்மாளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும்.

அறைக்குக் குடிபோனதிலிருந்து ஒட்டடைக்குச்சியை ஒரே கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்தாயிற்று. இனி அந்த வீட்டுக்கு நான் யார்? பெரியம்மாவிடம் போனில் கேட்க வாய் வரவில்லை. நேரில் போனால் தெரிந்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிவிட்டாள்.

கதவைத் திறந்தது புதிதாக வந்த ஆயா. இவளை முன்னே பின்னே பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட உடுப்பு, தோளில் பை, கையில் பிஸ்கட் டப்பா. ஆயா வேறென்ன நினைப்பாள், பாவம்!

"வாங்க மேடம், உக்காருங்க. பெரியம்மா காய் வாங்கப் போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க."

"இல்லக்கா, நான் வந்து..."

"சும்மா உக்காருங்க மேடம்."

முன்னறையில் மெத்தை வைத்த நாற்காலி. அதைத் தினமும் துடைத்திருக்கிறாளே தவிர, ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. எழுந்து நேரே சமையலறைக்குள் போயிருக்கலாம். கால் எழவில்லை. இனி நம் இடம் இதுதானோ என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் ஆயா பிள்ளைகளைக் கூட்டி வந்து வரிசையாக நிறுத்திவிட்டாள். பிள்ளைகளுக்கு இவளைத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். பாட்டு முடிந்தால்தான் பிஸ்கட் என்பதும் தெரியும். கமுக்கமாகச் சிரித்துக்கொண்டே வரவேற்புப் பாட்டை எடுத்துவிட்டார்கள்.

இதே வரிசையில் நின்று எத்தனை முறை வாயை மட்டும் அசைத்து ஏமாற்றியிருக்கிறாள்! இப்போது மடியில் கைவைத்து, வந்துபோகும் சீமாட்டிகளைப் போலவே தலையாட்டிக் கேட்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டாவது அடி தொடங்கும்போது பெரியம்மா காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்தார்.

"யாருக்கு இந்தக் கச்சேரி?"

"விருந்தாளி வந்திருக்காங்கம்மா," என்றாள் ஆயா.

பெரியம்மா நாற்காலியைப் பார்த்தார். பையைத் தொப்பென்று தரையில் வைத்தார்.

"இவளா? இவ விருந்தாளின்னா நான் யாரு, வழிப்போக்கியா? ஏண்டி, வாயத் திறந்து சொல்றதுக்கென்ன? நல்லா சட்டமா உக்காந்து பாட்டு கேக்குறா! எழுந்திரு, இந்தக் காயெல்லாம் கொண்டுபோய் உள்ள வை. நாளைக்கு வேலைக்கு லீவு சொல்லிடு."

"எதுக்கு பெரியம்மா?"

"குட்டியோட ஸ்கூல்ல, வீட்டுலேருந்து யாராவது வரணுமாம். எனக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. நீ போயிட்டு வா."

வீட்டிலிருந்து யாராவது. ஒட்டடைக்குச்சி பையைத் தூக்கப் போனவள் அங்கேயே நின்று அழுதுவிட்டாள். எல்லாம் சந்தோஷத்தில்தான். கோபக்காரப் பெரியம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெயிலாம்.

பிள்ளைகள் பிஸ்கட் டப்பாவைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் சின்னவளான குட்டி மட்டும் வாய் நிறைய மென்றபடி இவளிடம் வந்தாள்.

"அக்கா, எங்க டீச்சர் என்னப் பத்தி என்னென்னமோ சொல்லுவாங்க. நீ எதையும் நம்பாத."

ஒட்டடைக்குச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் கைவைத்துக் குட்டியை முறைத்தாள்.

"அப்படி என்னடி பண்ணித் தொலைச்ச?"