தமிழுக்கும் தமிழுக்கும் நடுவே ஷைலா

திருமழிசைத் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் பொறியியல் கல்லூரி, இலங்கையின் வடக்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு வட்டார வளர்ச்சிக்கென்று ஒப்பந்தம் போட்டது. முதல்வர் சம்பத்துக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். “மொழிபெயர்ப்பாளரே வேணாம். அவங்களும் தமிழ், நாமளும் தமிழ்” என்றார்.

மழை பெய்தால் ஊரின் பழைய தெருக்களில் நாலு நாள் தண்ணீர் நிற்கிறதே, அது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து விரிவுரையாளர் நிர்மல் வந்தார். கூடப் போக, சிவில் துறை ஆசிரியை ஷைலாவை அனுப்பினார்கள்.

முதல் வீடு கன்னியம்மாளுடையது. காலையில் கீரைப் பாத்தி, பத்து மணிக்கு மேல் பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் என்று ஓடுகிறவர்.

“வணக்கம் அம்மா. உங்களோட கொஞ்சம் கதைக்கலாமோ?” என்றார் நிர்மல்.

“கம்பெனிக்கு டைமாச்சு நைனா. கதை உடறதுக்கு வேற ஊடு பாரு.”

ஷைலா பதறிப்போய்க் குறுக்கே புகுந்தாள். “பேசணும்னு சொல்றாரும்மா.”

“உங்கட வளவுக்குள்ள தண்ணி நிக்கிறதோ?”

“வளவா? அது இன்னாது?”

“வீட்டைச் சுத்தி இருக்கற இடம்மா.”

“அத்த சொல்லு! மழை வந்தா ஒரே பேஜாரு. ஊட்டாண்ட முட்டிக்கால் வரிக்கும் நின்னுகினு கீது.”

நிர்மல் பேனாவோடு ஷைலாவைப் பார்த்தார். “மிஸ், பேஜார் எண்டால் என்ன?”

“தொல்லை.”

மூன்றே நாளில் ஷைலாவின் தொண்டை கட்டிவிட்டது. அன்று இன்னொரு கேள்வித்தாளோடு போனபோது கன்னியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

“இத்தினி கேக்கறீங்க. தண்ணி எங்க போய் முட்டுதுன்னு ஒருத்தரும் கேக்கலையே! வாங்க, காட்றேன்.”

தெருவோர வாய்க்காலை ஒட்டியே நடந்தார். இருவரும் பின்னால் போனார்கள். வாய்க்கால் வளைந்து வளைந்து, கல்லூரி வாசலில் புதிதாகக் கட்டிய ஆர்ச்சுக்கு முன்னால் மண்ணுக்குள் காணாமல் போனது. மேலே, இரண்டு நிறுவனங்களும் கைகுலுக்கும் பேனர்.

“இதோ, இங்கதான்” என்றார் கன்னியம்மாள்.

நிர்மல் பேனாவை மூடினார்.

“மிஸ், இதை நீங்கள்தான் உங்கட பிரின்சிபாலுக்குச் சொல்லவேணும்.”

“நீங்களே சொல்லுங்க சார். உங்க தமிழ்னா அவருக்குக் கோபம் வரக் கொஞ்சம் நேரமாகும்.”

நிர்மல்தான் சொன்னார். “உங்கட வாசலாலதான் வாய்க்கால் அடைபட்டுக் கிடக்குது, சேர்.” சம்பத் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு ஷைலா பக்கம் திரும்பினார். ஷைலா மொழிபெயர்த்தாள்.

“நம்ம ஆர்ச்சுதான் சார்.”

சம்பத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு நாட்டு ஆராய்ச்சி, கடைசியில என் வாசல்லயா வந்து நிக்கணும்?” என்றார். ஆனால் எழுந்து போய், பேன்ட்டை மடித்துவிட்டு, குனிந்து தானே பார்த்தார். மறுவாரமே பொக்லைன் வந்தது. ஆர்ச்சின் இரண்டு பக்கமும் பெரிய குழாய்கள் போட்டார்கள்.

ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. மறுநாள் சாயங்காலம் ஷைலா கன்னியம்மாளின் தெருவில் செருப்பு நனையாமல் நடந்தாள். முனைவர் பட்டம் வாங்கிய அன்றுகூட அவளுக்கு இவ்வளவு பெருமையாக இல்லை.

அடுத்த கூட்டத்திலிருந்து ஆய்வுக் குழுவில் கன்னியம்மாளையும் உறுப்பினராகச் சேர்க்க இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. விஷயத்தைச் சொல்ல ஷைலா போனாள்.

“செவ்வாக்கெழம வெச்சீங்கன்னா என்னால வரமுடியாது. அன்னிக்குக் கம்பெனில லோடு ஏத்தணும்.”

இரண்டு நாடுகளும் கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டன.