அக்கரையில் நின்ற ஆம்புலன்ஸ்

ஆம்புலன்ஸ் வரவில்லை என்று யாராவது சொன்னால் ஒதீலுக்குக் கோபம் வரும். வந்தது. சமையலறை ஜன்னல் வழியாக அவளே பார்த்தாள். அலியே ஆற்றின் அந்தக் கரையில், பாலத்தின் வாயில், உச்சியில் நீல விளக்கு சுற்றச் சுற்ற நின்றது. இங்கே மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே தரையில் அவள் கணவன் மர்சியால் கிடந்தான். காலையில் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டான். மூச்சு இருந்தது. வண்டிக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம், பாலத்தின்மேல் சாம்பிரெல் மேயர் போட்ட தடை உத்தரவு.

அவள் மேசை விரிப்பை உருவிக்கொண்டு வெளியே ஓடி, தலைக்கு மேல் தூக்கி வீசினாள். அக்கரையில் இரண்டு பேர் இறங்கினார்கள். சிமென்ட் கட்டைகளுக்குப் பக்கத்தில் நட்டிருந்த பலகையைப் படித்தார்கள். யாருக்கோ போன் செய்தார்கள். பிறகு இருவரும் வண்டியில் ஏறிக்கொள்ள, வண்டி திரும்பிப் போயே போய்விட்டது. அடுத்த பாலம் வழியாக, மோந்தார்சி ஊரைச் சுற்றிக்கொண்டு, முப்பது கிலோமீட்டர். அது வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஒதீல் மர்சியாலின் கண்களை மூடியிருந்தாள்.

இத்தனைக்கும் மோந்தார்சி இதே கரையில் இருக்கும் பக்கத்து ஊர். கூப்பிடு தூரம். ஆனால் முகவரி சாம்பிரெல் என்று இருந்தால் வண்டி சாம்பிரெலுக்குத்தானே போகும்? எல்லாம் அந்த ஆறு செய்த வேலை. ஒரு காலத்தில் சாம்பிரெலின் தேவாலயமும் இந்த மூன்று வீடுகளும் ஒரே கரையில்தான் இருந்தன. பாட்டன் முப்பாட்டன் காலத்து வசந்தம் ஒன்றில் பனி உருகிப் பெருவெள்ளம் வந்தது. ஆறு தன் பழைய படுகையை விட்டுவிட்டு ஊருக்கு நடுவே புதுப் பாதை வெட்டிக்கொண்டது. வெள்ளம் வடிந்து பார்த்தால் மூன்று வீடுகளும் மேய்ச்சல் நிலமும் ஊரை விட்டுப் பிரிந்து இந்தக் கரையில் கிடந்தன. ஆறுதான் இடம் மாறியது. வரைபடத்தில் எல்லைக்கோடு பழைய படுகையிலேயே நின்றுவிட்டது.

இந்த மூன்று வீட்டுக் குடியிருப்புக்குப் பெயர் தீவுகள். தீவு ஒன்றும் கிடையாது. வீடுகளுக்குப் பின்னால் வில்லோ மரங்களும் தேங்கிய குட்டைகளுமாக ஒரு வரிசை போகிறதே, அதுதான் பழைய ஆறு. அதற்கு அப்பால் மோந்தார்சி. பனிக்காலத்தில் மோந்தார்சியின் பனி அள்ளும் வண்டி அந்த வில்லோ வரிசை வரைக்கும் வரும். வந்து, தன் இரும்பு வாயைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகும். ஓட்டுகிறவன் நல்லவன், கையசைத்துவிட்டுத்தான் போவான். இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டால் அவனுக்கு என்ன குறைந்துவிடும் என்று ஒதீல் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். அது எங்க ஊர் பனி இல்லையே என்பான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். தீவுகள்காரர்களுக்கு அதுதான் பிழைப்பு.

ஆனாலும் அவர்கள் சாம்பிரெல்காரர்கள். ஓட்டுப் போட அங்கே, பள்ளிக்கூடம் அங்கே, கல்லறை அங்கே. சாம்பிரெல் சதுக்கத்தில் போன வருஷம் மேயர் ஒரு வண்ணப் பலகை வைத்தார். மேலே 'நமது ஊர்: புவியியலும் வரலாறும்' என்று எழுத்து. நடுவில் இரும்பு வடங்களில் தொங்கும் அந்தப் பாலத்தின் படம். கீழே 'இரு கரைகள், ஓர் இதயம்'. திறப்பு விழாவுக்கு ஒதீல் இரண்டு பழப் பணியாரம் சுட்டுக்கொண்டு போயிருந்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்கு வயிறு எரிகிறது. பலகையின் பெயிண்ட் காய்வதற்குள் பாலத்தை மூடிவிட்டார்கள்.

அன்று காலை ஆம்புலன்ஸில் வந்தவர்களில் ஒருத்தி மெலானி என்ற இளம்பெண். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆனபிறகும் போகாமல் சமையலறையிலேயே நின்றாள். கேட்காமலேயே சொன்னாள்.

"நடந்தே வந்துடறோம்னுதான் சொன்னோம்மா. ஆளும் போகக் கூடாதுன்னு பலகையில போட்டிருந்துச்சு. அதான் அதுல இருந்த நம்பருக்கு அடிச்சுக் கேட்டோம். மேயர்தான் எடுத்தார். என் பொறுப்புல விட முடியாது, சுத்திப் போங்கன்னுட்டார்."

கேட்காமல் வந்திருக்கலாமே பெண்ணே என்று ஒதீலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஒளிக்காமல் சொன்னவள் மேல் பாய்வதில் அர்த்தமில்லை. அந்தக் கோபத்தை உரிய இடத்துக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டாள். அது நாளுக்கு நாள் குறையும் என்று சொன்னவர்கள் அவளை அறியாதவர்கள்.

மேயர் யூபேர் மறுநாள் வந்தார், முப்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு பூந்தொட்டியோடு. யூபேருக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வேலை. எதைக் கண்டாலும் அது எப்படி இடிந்து விழும், விழுந்தால் யார் தலையில் பழி வரும் என்று யோசித்தே தலை நரைத்தவர். கெட்டவர் இல்லை. பயந்தவர். கெட்டவனையாவது திட்டித் தீர்க்கலாம். பயந்தவன் செய்கிற கேடு சட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறதே, அதை என்ன செய்வது?

யூபேரும் மர்சியாலும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். அந்த ஊரில் ஒரே வருஷத்தில் பிறந்த ஆண்கள் சாகும்வரை ஒரு செட்டு. ராணுவத்துக்குப் போனது ஒன்றாக, ஆண்டுக்கொரு விருந்து ஒன்றாக. மர்சியாலின் செட்டில் இப்போது மிச்சம் நான்கு பேர்: ரொட்டிக்கடை ரொலான், தச்சர் எதியேன், பெர்னார், அப்புறம் இந்த யூபேர். ஒதீல் அவரை முப்பது வருஷமாக 'நீ' என்றுதான் பேசுவாள்.

"உக்காருங்க மேயர்" என்றாள்.

அந்த மரியாதை அவரைச் சுட்டது. உட்கார்ந்தார். வார்த்தை வரவில்லை என்றார். சவ வண்டி சுற்றிக்கொண்டு வருவதற்கு ஆகும் கூடுதல் செலவை ஊரே ஏற்றுக்கொள்ளும் என்றார். அவள் காபியை ஊற்றி அவர் முன்னால் தள்ளினாள்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணுனப்ப என்ன சொன்னீங்க?"

"ஒதீல், பாலம் விழுந்திருந்தா ரெண்டு பேர் போயிருப்பாங்க. ஜெயிலுக்குப் போறது நான்."

"விழுந்திருந்தா."

"இன்ஜினியரே எழுதிக் குடுத்திருக்கார்."

"இன்ஜினியர் வண்டியப் பத்தித்தான் எழுதினார். ஊர்க் கூட்டத்துல நீங்களே வாசிச்சீங்க, நான் அங்கதான் உக்காந்திருந்தேன். ஆள் நடக்கக் கூடாதுன்னு சேத்தது யாரு?"

யூபேர் கோப்பைக்குள் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் சேர்த்தேன் என்று மெல்லச் சொன்னார். ஒதீல் மர்சியால் விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மனிதன் எழுதிய ஒரு வரியால் இன்னொரு மனிதன் இந்தத் தரையில் கிடந்து செத்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தீவுகளில் யார் செத்தாலும் சாம்பிரெல் வந்து அழைத்துக்கொண்டு போகும். அதுதான் வழக்கம். செத்தவரின் செட்டு பாலத்தைத் தாண்டி வந்து, பெட்டியைத் தோளில் ஏற்றி, நடந்தே கொண்டுபோகும். பாலத்தில் முதல் காலடி விழுந்ததும் தேவாலய மணி அடிக்கும். ஆறு பிரித்துப் போட்டதை ஊர் வந்து எடுத்துக்கொள்கிறது என்று அதற்குப் பொருள். மர்சியாலின் அப்பா அப்படித்தான் போனார். வெள்ளிக்கிழமை மர்சியாலும் அப்படித்தான் போகவேண்டும் என்றாள்.

"முடியாது ஒதீல். வண்டி சுத்தி வரட்டும்."

"உயிரோட இருக்கறப்பவும் சுத்தி வான்னீங்க. செத்தப்புறமுமா?"

யூபேர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். காபி அப்படியே இருந்தது. பூந்தொட்டியை அவள் மாட்டுக்கொட்டகை வாசலில் வைத்துவிட்டாள்.

மோந்தார்சியிலிருந்து ஆள் வந்தது. எங்கள் கல்லறையில் இடமிருக்கிறது, அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் மேயர் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல மனசு. ஒதீல் ஒரு பொழுது முழுக்க யோசித்தாள். அங்கே புதைத்தால் யாருக்கும் தொல்லையில்லை. சாம்பிரெலுக்கு இன்னும் வசதி. மூன்று வீடு, ஒரு பாலம், ஒரு பலகை, எல்லாவற்றையும் கைகழுவிவிடலாம். அந்த வசதியை அவர்களுக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ரொட்டிக்கடைக்குப் போன் செய்தாள். ரொலான் இழுத்தான், தொண்டையைச் செருமினான், யூபேர் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறான் என்றான். வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கெஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை சவ வண்டிக்காரரிடம் இக்கரையில் பாலத்தின் வாயிலேயே நிறுத்தச் சொன்னாள். அவர் தனக்கு வேறு வழி சொல்லியிருக்கிறார்களே என்றார். சொன்னவர் வந்து ஓட்டட்டும் என்றாள் ஒதீல். பெட்டியை இறக்கி இரண்டு மரத்தாங்கிகள் மேல் வைத்தார்கள். காற்று வீசியது. அக்கரையில் ஊரே நின்றது, கறுப்புக் கோட்டுகளும் குடைகளும் பாதிரியாரின் வெள்ளை அங்கியுமாக. எல்லாருக்கும் முன்னால், சிமென்ட் கட்டையை ஒட்டி, மார்பில் மேயருக்கான மூவண்ணப் பட்டையோடு யூபேர்.

ஒருவரும் அசையவில்லை. இரு கரைகள், ஓர் இதயம் என்று ஒதீல் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் இவர்கள் கல்யாணத்துக்குப் பாலாடைக்கட்டி கொண்டுபோனோம், இவர்கள் கிணறு வற்றியபோது தண்ணீர் கொண்டுபோனோம். ஒரு பலகையில் நாலு வரி எழுதினால் கால் மடங்கிவிடுமா?

அப்போது ரொலான் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தான். கட்டைகளுக்கு நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைந்தான். பின்னாலேயே எதியேன். பின்னாலேயே பெர்னார். யூபேர் கையை நீட்டி ஏதோ சொன்னார். காற்றில் அது கேட்கவில்லை. மூன்று பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார்கள். மணி அடிக்கவில்லை. இப்போதெல்லாம் அது மேயர் ஆபீஸில் ஒரு பட்டன், சாவி மேயரின் பையில்.

வந்தவர்கள் ஒதீலைக் கட்டிக்கொண்டார்கள். நாலாவது தோளுக்குக் காத்து நின்றார்கள். அக்கரையில் யூபேர் நின்ற இடத்திலேயே நின்றார். வண்டிக்காரர் நான் பிடிக்கிறேன் என்றார். ஒதீல் வேண்டாம் என்றாள். கழுத்துத்துணியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"உன்னால முடியுமா ஒதீல்?" என்றான் ரொலான்.

"கன்னுக்குட்டி தூக்கற தோளுதான். தூக்கு."

இக்கரையிலும் போட்டிருந்த கட்டைகளுக்கு நடுவே பெட்டியைக் கையில் கடத்தி, பாலத்தின் மேல் தோளில் ஏற்றினார்கள். கனத்தது. மர்சியால் எப்போதுமே நன்றாகச் சாப்பிடுகிற ஆள். பலகைகள் காலடியில் முனகின. பாலம் எப்போதும் முனகும், அவள் கல்யாணமாகி வந்த நாளிலும் முனகியது. கீழே ஆறு கலங்கலாகப் போனது. நடுப்பாலத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கால் வைத்தாள். விழுந்தால் விழட்டும் என்றுகூடத் தோன்றியது. ஒன்றும் விழவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஆத்திரம்தான் ஏறியது. இவ்வளவுதானா? இந்தத் தூரம்தானா?

அக்கரைக் கட்டைகளைத் தாண்டியதும் கூட்டம் விலகியது. ஆம்புலன்ஸ் நின்ற அதே இடம். யூபேர் பட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது. பெட்டிக்கு அடியில், அவள் இடத்தில் தன் தோளைக் கொடுக்கக் குனிந்தார்.

"வேணாம் யூபேர். இங்கேருந்து ரோடு. ரோட்டுல தூக்க ஆள் இருக்கு."

அவர் அப்படியே குனிந்தபடி நின்றார். ஒதீல் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"நாலு பேரையும் பொணத்தையும் தாங்கிச்சு. ரெண்டு பேரையும் ஒரு மருந்துப் பையையும் தாங்கியிருக்காதா?"

பாதிரியார் தன் புத்தகத்தைப் பார்த்தார். மெலானி கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு அழுதாள்.

"இப்பப் போய் மணி அடி. அடிக்கிற வரைக்கும் நாங்க இங்கேதான் நிப்போம்."

யூபேர் சட்டைப்பையைத் தடவிச் சாவியை எடுத்தார். தெரு மேடு. முதலில் நடந்தார். பிறகு, இத்தனை கண்களும் முதுகில் குத்தியதாலோ என்னவோ, ஓடினார். பட்டை அவிழ்ந்து முழங்காலில் அடிக்க அடிக்க, அந்த வண்ணப் பலகையைத் தாண்டி ஓடினார். பெட்டியை இறக்கி வையுங்கள் என்று யாரோ சொன்னார்கள். ரொலான் தலையை ஆட்டினான். நாலு பேரும் தோள் மாற்றாமல் நின்றார்கள்.

மணி அடித்தது. ஒதீல் முதல் அடியை எடுத்து வைத்தாள்.